இரண்டாம் பதிப்பில் தெரியவந்தது: சென்னைப் படப் புத்தக எழுத்தாளர்-ஓவியர் ஒருவரின் ஆறு ஆண்டுகள்

சிறுவர் படப் புத்தகம் ஒன்றுக்குக் கதையும் எழுதிப் படமும் வரைந்த ஒருவரின் முதல் ஆறு ஆண்டுகளைப் பற்றிய பதிவு இது. அவர் பெயர், பதிப்பகத்தின் பெயர், புத்தகத்தின் தலைப்பு ஆகியவை விடப்பட்டுள்ளன. தொகைகளும் பிரதிக் கணக்கும் இந்த நிகழ்வுக்கு மட்டும் உரியவை. சந்தை நிலவரமாக அவற்றை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பின்னணி

ஓவியர் வடசென்னையில் வளர்ந்தவர். கவின் கலைப் படிப்பு முடித்து, தனியார் பள்ளிப் பாடநூல்களுக்கும் பயிற்சிப் புத்தகங்களுக்கும் ஆறு ஆண்டுகள் படம் வரைந்தார். கறுப்பு-வெள்ளைப் படத்துக்கு ரூ.350, முழுப் பக்க வண்ணப் படத்துக்கு ரூ.800. பெயர் அச்சாகாது, கோப்பு கொடுத்து, பில் போட்டு, பணம் வந்தால் கணக்கு முடிந்தது. வரைந்து கொடுத்ததோடு வேலை முடிந்துவிடும் என்ற இந்தப் பழக்கம்தான் பின்னால் வந்த பெரும்பாலான சிக்கல்களுக்கு வேர்.

சென்னையில் படப் புத்தகத் தொழில் புதிதல்ல. திரை அச்சில் கையால் செய்த புத்தகங்களுக்குப் பேர்போன தாரா புக்ஸ் 1994இலும், ஒரே புத்தகத்தைப் பல இந்திய மொழிகளில் கொண்டுவரும் துலிகா 1996இலும் இங்கே தொடங்கின. இங்கே பேசப்படும் பதிப்பகம் இவற்றில் எதுவும் அல்ல. நான்கு பேர் வேலை பார்க்கும் சிறிய நிறுவனம் அது.

முதல் ஆண்டு: டம்மியும் ஒப்பந்தக் கடிதமும்

கதை எளிது. பாட்டியோடு விடியுமுன் காசிமேட்டு மீன் ஏலத்துக்குப் போகும் சிறுவன், கூட்டத்தில் பாட்டியைத் தவறவிட்டு, அவள் ஏலம் கேட்கும் குரலை வைத்துக் கண்டுபிடிக்கிறான். ஓவியர் ஜூன் மாதத்தில் முழு டம்மியை (பக்கம் பக்கமாக வரைந்து பார்த்த மாதிரிப் புத்தகத்தை) பிடிஎஃப்பாக்கி மின்னஞ்சலில் அனுப்பினார். இந்த மின்னஞ்சல் பின்னால் முக்கியமாகிறது.

முதல் வரைவில் கிட்டத்தட்ட 900 சொற்கள் இருந்தன. பதிப்பாசிரியரும் ஓவியரும் நான்கு முறை உட்கார்ந்து அதை 380 ஆக்கினார்கள். வெட்டியதற்கு ஒரே அளவுகோல்: படத்தில் தெரிவதை வாக்கியம் திரும்பச் சொன்னால் வாக்கியம் போக வேண்டும். 'பாட்டி சிவப்புச் சேலை கட்டி, தலையில் கூடையை வைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள்' என்பது 'பாட்டி நடந்தாள். நான் ஓடினேன்' என்று ஆனது. சேலையும் கூடையும் படத்தில் இருக்கின்றன; இருவரின் கால் அளவு வித்தியாசத்தை அந்த இரண்டு வினைச்சொற்களே சொல்லிவிடுகின்றன. 'ஓடிக்கொண்டிருந்தபோது' போன்ற நீண்ட சொற்களும் நீங்கின. 20 பாயின்ட் அளவு எழுத்தில் அவை பாதி வரியை அடைத்துக்கொள்ளும்; எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை பாதியிலேயே மூச்சுவிட்டு நிற்கும்.

அளவு விஷயத்தில் முதல் நஷ்டம். ஓவியர் எட்டரை அங்குலச் சதுரமாகவே புத்தகத்தை நினைத்திருந்தார். அளவு உறுதியாகும் முன்பே நான்கு விரிப்புகளுக்கு (திறந்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கங்கள் சேர்ந்தது ஒரு விரிப்பு) வண்ணம் தீட்டியும் விட்டார். அச்சகம் சொன்னது கிரௌன் 1/4. 20×30 அங்குலத் தாளில் ஒரு புறத்துக்கு எட்டு, இருபுறமும் சேர்த்துப் பதினாறு பக்கம், அதாவது ஒரு ஃபாரம் சரியாக உட்காரும். வெட்டிய பிறகு பக்கம் ஏறக்குறைய 7¼×9½ அங்குலம் வரும். சதுர அளவுக்கு 23×36 தாள் தேவை. அதில் எட்டுப் பக்கம் போக, தாளின் நீளத்துக்கு ஐந்தாறு அங்குலப் பட்டை வீணாகும். 2000 பிரதிக்கு அந்த வீண்செலவைப் பதிப்பகம் ஏற்கவில்லை. சதுரப் புத்தகத்தின் விரிப்பு உயரத்தைப் போல இரு மடங்கு அகலம்; கிரௌனில் அது ஒன்றரை மடங்கு. ஓரத்தை வெட்டிச் சரிசெய்ய வழியில்லாமல் நான்கையும் திரும்ப வரைந்தார். மூன்று வார வேலை போயிற்று.

புத்தகம் 24 பக்கம், சென்டர் பின், அதாவது தாள்களை நடுவில் மடித்து மடிப்பிலேயே பின் அடிப்பது. அட்டையின் உட்பக்கத்தில் பதிப்பு விவரம் போட்டதால் 11 விரிப்பும் முதலிலும் கடைசியிலும் தலா ஒரு தனிப் பக்கமும் கிடைத்தன. சென்டர் பின்னில் நடு விரிப்பான 12-13 மட்டும்தான் ஒரே தாள். மற்றப் பத்திலும் இடப்பக்கம் ஒரு தாள், வலப்பக்கம் இன்னொரு தாள். மடிப்பில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் விலகல் வரத்தான் செய்யும். நடுவில் முகமோ கையோ விழாமல் வரைய வேண்டும் என்பதை ஓவியர் டம்மியிலேயே கவனித்திருந்தார். இதில் பிழை இல்லை.

ஆகஸ்டில் ஒரு பக்க ஒப்பந்தக் கடிதம் கையெழுத்தானது. சாரம் இதுதான்: கதை, படங்கள் இரண்டின் 'முழு உரிமையும்' பதிப்பகத்துக்கு, தொகை ரூ.45,000, கையெழுத்தில் 15,000, படங்கள் ஒப்படைத்ததும் 30,000. எத்தனை ஆண்டு, எந்த நாடு, எந்த மொழி என்ற பேச்சே அதில் இல்லை.

முதல் ஆண்டு இறுதி: மழைக்காலமும் அச்சும்

ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடக்கும் புத்தகக் காட்சிக்கு நூல் வந்தாக வேண்டும் என்று முடிவானது. அதனால் நீர்வண்ண வேலை முழுவதும் அக்டோபர்-டிசம்பரில் விழுந்தது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள, சொரசொரப்பான கோல்ட் பிரஸ் தாளில் கோடையில் முக்கால் மணி நேரத்தில் காயும் ஒரு பூச்சு, வடகிழக்குப் பருவமழை ஈரத்தில் நான்கைந்து மணி நேரம் எடுத்தது. காயும் முன் அடுத்த பூச்சு போட்ட இடங்களில் வண்ணம் ஓடி, ஓரம் பூக்கோசு போல வெடித்தது. ஹேர் டிரையரை மிக அருகில் பிடித்ததில் தாள் வளைந்து, ஸ்கேனர் கண்ணாடியில் சரியாகப் படியவில்லை.

இந்த அவசரத்தில் எடுத்த நான்கு முடிவுகள் அப்போது யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை.

ஒன்று, படத்துக்குள் கையால் எழுதிய எழுத்து. கடைப் பலகை, படகின் பெயர், 'சளக்', 'பொத்' என்ற ஒலிச் சொற்கள் எல்லாவற்றையும் ஓவியர் தூரிகையாலேயே படத்துக்குள் எழுதினார். பார்க்க அழகு. 11 விரிப்பில் எட்டில் இவை இருந்தன.

இரண்டு, விடியுமுன் வரும் மூன்று விரிப்புகளில் அடர்நீலத்தின் மேல் வெள்ளை எழுத்து. அச்சில் வெள்ளை என்று தனி மை கிடையாது. நான்கு வண்ணத்திலும் (நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு) அந்த இடத்தைக் காலியாக விட்டுத்தான் வெள்ளை எழுத்து வரும். நான்கு மைக்கும் தனித்தனியாக உள்ள அச்சுத் தகடுகள் (பிளேட்) மயிரிழை பிசகினாலும் எழுத்தின் ஓரம் மங்கும்.

மூன்று, ஸ்கேன். பதிப்பகத்தின் ஏ4 ஸ்கேனரில் 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) இரண்டு துண்டாக எடுத்து ஒட்டினார்கள். ஒட்டியதும் நேராக, அச்சின் நான்கு மைக்கான சிஎம்ஒய்கே வண்ணத்தில் ஜேபெக் கோப்பு. அல்ட்ராமரைன் நீலம் ஊதாவாகச் சாய்ந்தது. மாற்றும் முன் இருந்த ஆர்ஜிபி (திரை வண்ண) கோப்பை யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

நான்கு, புரூஃப் (அச்சுக்கு முன் சரிபார்க்கும் பிரதி) வாட்ஸ்அப்பில் வந்தது. கைபேசித் திரை பின்னாலிருந்து ஒளி விடுவது. இருட்டுப் படங்கள் அதில் நன்றாகவே தெரியும். அச்சகக்காரர் மட்டும் போனில் எச்சரித்தார்: "இருட்டுப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் ஓப்பன் பண்ணிக் குடுங்க மேடம், பேப்பர்ல அடைஞ்சிடும்." ஓவியர் அதைப் பதிப்பகத்துக்குச் சொன்னார். டிசம்பர் கடைசி வாரத்தில் யாருக்கும் நேரமில்லை. அந்தப் பக்கங்களில் நான்கு மையின் கூட்டு (ஒவ்வொன்றும் அதிகபட்சம் 100) 340 சதவீதம் வரை போயிருந்தது. அச்சகம் வைத்திருந்த வரம்பு 300. 130 ஜிஎஸ்எம் மேட் ஆர்ட் தாளில் நிழலெல்லாம் ஒரே கறுப்பாகி, பாட்டியின் முகம் தெரியாமல் போன விரிப்பு ஒன்று அப்படியே வெளிவந்தது.

இரண்டாம் ஆண்டு: நூல் ஓடியது

விலை ரூ.120, முதல் பதிப்பு 2000. குறைகளையும் மீறி நூல் நன்றாகவே போனது. பள்ளி நூலகங்களும் வாசிப்பு இயக்கக்காரர்களும் மொத்தமாக வாங்கினார்கள். கதை சொல்லும் நிகழ்ச்சிகளுக்கு அழைப்பும் வந்தது. ஓவியருக்கு இந்த ஆண்டு விற்பனைக் கணக்கு எதுவும் வரவில்லை. அவர் கேட்கவும் இல்லை. மொத்தத் தொகை வாங்கிவிட்டோம், கேட்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டார்.

மூன்றாம் ஆண்டு ஜனவரி: இரண்டாம் பதிப்பு

அடுத்த புத்தகக் காட்சியில் அரங்கில் இருந்த பிரதியைப் புரட்டியபோது 'இரண்டாம் பதிப்பு' என்று இருந்தது. 3000 பிரதிகள், முந்தைய நவம்பரில் அச்சானவை. பாட்டியின் முகம் அதிலும் தெரியவில்லை. பழைய கோப்பையே அடித்திருந்தார்கள். மறுபதிப்பு வரப்போகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த விரிப்பை மட்டுமாவது மாற்றியிருக்கலாம்.

அதே மாதம் இன்னொன்றும் நடந்தது. பன்னாட்டுப் புத்தகத் திருவிழா ஒன்றில் பதிப்பகம் இந்த நூலை உரிமை விற்பனைக்கான பட்டியலில் வைத்திருந்தது. வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்று ஆர்வம் காட்டியது. இந்தச் செய்தியும் ஓவியருக்கு மூன்றாம் நபர் மூலமாகவே வந்தது.

கடிதத்தில் இருந்ததும் இல்லாததும்

பதிப்புரிமை தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஓவியர் கடிதத்தைக் காட்டினார். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு இங்கே பொருந்தும். உரிமை மாற்றம் எழுத்தில் இருந்து கையெழுத்தாகியிருக்க வேண்டும், இருந்தது. காலம் சொல்லப்படவில்லை என்றால் ஐந்து ஆண்டு என்று கொள்ள வேண்டும். எல்லை சொல்லப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், கடிதம் வேறு மாதிரி சொல்லாதபட்சத்தில், அந்த உரிமை காலாவதியாகும். கையெழுத்தாகிப் பதினேழு மாதம் ஆகியும் தமிழ் தவிர எந்த மொழியிலும் நூல் வரவில்லை. ஆக மொழிபெயர்ப்பு உரிமையும் வெளிநாட்டு உரிமையும் பதிப்பகத்திடம் இல்லை என்று வாதிட வலுவான இடம் இருந்தது. 'முழு உரிமை' என்ற சொல்லைப் பார்த்து இரு தரப்பும் எல்லாம் கைமாறிவிட்டது என்று நம்பியிருந்தார்கள். மறுபதிப்பைப் பொறுத்தவரை பதிப்பகம் சொன்னது சரி. ஐந்தாண்டுக்குள் இந்தியாவில் தமிழில் எத்தனை முறை வேண்டுமானாலும் அது அச்சிடலாம்.

படம் வரைபவர்கள் தெரிந்திருக்க வேண்டிய இன்னொரு கண்ணி 17ஆம் பிரிவில் இருக்கிறது. எழுத்துக்கு முதல் உரிமையாளர் எழுதியவரே. ஆனால் ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு வரையப்பட்ட ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கேட்டவரே முதல் உரிமையாளர். அதாவது ஒரே புத்தகத்தில் கதை எழுதியவரிடம், படம் பதிப்பகத்திடம் என்று பிரிந்துபோகலாம். இங்கே பணம் முன்கூட்டியே வந்தது. படங்கள் அதன் பிறகு வரையப்பட்டன. பதிப்பகம் இந்த வாதத்தை எடுத்தால் என்ன ஆகும் என்பதில் வழக்கறிஞருக்கே உறுதியில்லை. பணப்பேச்சுக்கு இரண்டு மாதம் முன்பே முழு டம்மியும் அனுப்பப்பட்டதைக் காட்டும் அந்த ஜூன் மின்னஞ்சல்தான் ஓவியரின் பிடி: கேட்டு வரைந்தது அல்ல, வரைந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தது.

முடிவு: நோட்டீஸ் வேண்டாம், புது ஒப்பந்தம்

மூன்று வழிகள் பரிசீலிக்கப்பட்டன. வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது. ஐந்தாண்டு முடியும்வரை பேசாமல் இருப்பது. புதிய ஒப்பந்தம் கேட்பது. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் பெருந்தன்மை அல்ல. 17ஆம் பிரிவு நிச்சயமற்றது. வழக்குச் செலவு நூலின் மொத்த வருமானத்தைத் தாண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சுக் கோப்புகள் பதிப்பகத்தின் கணினியில் இருந்தன. பதிப்பகத்துக்கும் ஓவியர் தேவைப்பட்டார். அவர் கையெழுத்து இல்லாமல் வெளிநாட்டு ஒப்பந்தம் நடக்காது.

பேச்சில் அதிக நேரம் பிடித்தது ராயல்டி (விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் படைத்தவருக்கு வரும் பங்கு) எதன்மேல் என்பது. பதிப்பகம் முதலில் நிகர வருவாயில் 10 சதவீதம் தருவதாகச் சொன்னது. விற்பனையாளர் கழிவு 45 சதவீதம் போனால் ரூ.120 நூலுக்குக் கையில் வருவது ரூ.66; அதில் பத்து சதவீதம் ரூ.6.60. ஓவியர் கேட்டது அட்டை விலையில் 7 சதவீதம், ரூ.8.40. எண் சிறியது, தொகை பெரியது. தவிர, அட்டை விலையை யாரும் சரிபார்க்கலாம். கழிவு எவ்வளவு என்பது பதிப்பகத்துக்கு மட்டும் தெரிந்த கணக்கு.

ஏப்ரலில் கையெழுத்தானது இது. முன்பு கொடுத்த ரூ.45,000 முதல் 5000 பிரதிகளுக்கானதாகக் கொள்ளப்படும். 5001 முதல் அட்டை விலையில் 7 சதவீதம், 10,001 முதல் 8. ஒவ்வொரு மொழிக்கும் தனி இணைப்புக் கடிதம். காலம் மூன்று ஆண்டு. ஆறு மாதம் இருப்பில் இல்லாமல் போய், கேட்ட பிறகும் அச்சிடாவிட்டால் உரிமை திரும்பும். வெளிநாட்டு உரிமை வருமானத்தில் ஓவியருக்கு 60 சதவீதம். மறுபதிப்புக்கு முன் 15 நாள் அவகாசம் தந்து திருத்தம் கேட்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை கணக்கு. மூல ஓவியங்கள் ஓவியருக்கே சொந்தம்.

முதலில் மொத்தத் தொகை வாங்கியதே தவறு என்று சொல்பவர்கள் ஒரு கணக்குப் போட வேண்டும். 5000 பிரதிக்கு ரூ.8.40 வீதம் ரூ.42,000 தான். அதைவிட அதிகமாகவே முன்கூட்டி வாங்கியிருந்தார். அந்தத் தொகை எத்தனை பிரதிக்கு என்று எழுதாமல் விட்டதில்தான் பிழை.

மூன்றாம் ஆண்டு மே: வெளிநாட்டு வாய்ப்பு போனது

வெளிநாட்டுப் பதிப்பகம் கேட்டது எழுத்தில்லாத படக் கோப்புகள். மூன்று வார அவகாசம். கையில் இருந்ததோ ஒட்டுப்போட்ட சிஎம்ஒய்கே ஜேபெக். எட்டு விரிப்பில் தமிழ் எழுத்து படத்தோடு ஒன்றிக் கிடந்தது. டிடிபி ஆபரேட்டர், பக்கத்துப் பகுதியை நகலெடுத்து மூடும் குளோன் கருவியால் அழித்துப் பார்த்தார். நீர்வண்ணத் தாளின் சொரசொரப்பு அந்த இடங்களில் தேய்ந்து வழுக்கையாகத் தெரிந்தது. மூலத்திலிருந்து புதிதாக ஸ்கேன் செய்யலாம் என்று பீரோவைத் திறந்தால், மூடிய பிளாஸ்டிக் உறையில் இரண்டு மழைக்காலம் கிடந்த ஓவியங்களில் நான்கில் பழுப்புப் பூஞ்சைப் புள்ளிகள். தவணை கடந்தது; அந்தப் பதிப்பகம் விலகிக்கொண்டது. சட்டத்தில் மீட்ட உரிமையைக் கோப்பு இல்லாமல் விற்க முடியவில்லை.

நான்காம் ஆண்டு: மாற்றிய வேலைமுறை

இரண்டாவது புத்தகம் மொட்டை மாடியில் வடகத்துக்குக் காவல் இருக்கும் சிறுமியைப் பற்றியது. அதே பதிப்பகம். இம்முறை தமிழ், மலையாளம், தெலுங்கு மூன்றும் ஒரே ஓட்டத்தில் அச்சிட முதலிலேயே தீர்மானித்தார்கள். மற்ற எல்லா முடிவும் அதிலிருந்து பிறந்தன.

எழுத்து எல்லாம் கறுப்பு மட்டும். 24 பக்கத்துக்கு ஒரு முழு ஃபாரம் இருபுறமும் எட்டு பிளேட், மீதி அரை ஃபாரத்தை ஒரே பிளேட் தொகுப்பில் திருப்பி அடித்தால் நான்கு, ஆகமொத்தம் 12. மொழி மாறும்போது நீலம், சிவப்பு, மஞ்சள் பிளேட்டுகள் அப்படியே நிற்கும். கறுப்பு மூன்றை மட்டும் மாற்றினால் போதும். ஒரே ஒரு வரி வெள்ளை எழுத்தாக இருந்தாலும் தாளின் அந்தப் புறத்துக்கு நான்கு பிளேட்டும் மாற வேண்டும். ஆகவே வெள்ளை எழுத்து தடை. இருண்ட இடத்தில் எழுத்து தேவைப்பட்டால் ஓவியத்திலேயே வெளிறிய இடம் விட்டு வரைந்தார்.

காக்கையின் 'கா' போன்ற கையெழுத்துகளைத் தனித் தாளில் கறுப்பு மையால் எழுதி 1200 டிபிஐயில் தனியாக ஸ்கேன் செய்து, கறுப்பு அடுக்கில் வைத்தார்கள். மற்ற மொழிகளுக்கு அந்தந்த மொழிக்காரர் எழுதி அனுப்பினார். உரைக்கு விட்ட இடம் தமிழ் வரிக்குத் தேவையானதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். பலகைகளில் முடிந்தவரை எழுத்தே இல்லை.

ஓவியங்கள் பிப்ரவரி-ஜூனில் முடிந்தன. முடித்த அன்றே வெளியில் ஏ3 ஸ்கேனரில் 600 டிபிஐ, ஆர்ஜிபி டிஃப் (தரம் குறையாமல் சேமிக்கும் கோப்பு). இரண்டு வன்தட்டில் நகல். அச்சுக்கு மாற்றுவது அந்த நகலிலிருந்துதான், மூலக் கோப்பைத் தொடுவதில்லை. ஓவியங்களுக்கிடையே அமிலமற்ற தாள் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு அட்டைப்பெட்டியில் படுக்க வைத்தார். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறை கிடையாது.

பக்க அமைப்பில் ஒரு பழைய தொல்லையும் தீர்ந்தது. முதல் நூலின் உரை பழைய குறியாக்க எழுத்துருவில் இருந்ததால் மின்னூலுக்கு எடுக்க முடியவில்லை. இம்முறை யூனிகோடு. பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனின் வழக்கமான கம்போசரில் (வரிகளை அமைக்கும் கருவியில்) 'கொ', 'கோ' எழுத்துகளின் கொம்பு இடம் மாறி நின்றது. வேர்ல்டு-ரெடி கம்போசருக்கு மாற்றியதும் சரியானது. ஒவ்வொரு பத்தி ஸ்டைலிலும் இதை அமைக்க வேண்டும். ஒன்றில் விட்டுப்போய், தலைப்புப் பக்கத்தில் மட்டும் கடைசி நிமிடம்வரை பிழை இருந்தது.

புரூஃப், அச்சடிக்கப்போகும் அதே தாளில். பகல் வெளிச்சத்தில் பார்த்து இரண்டு பக்கத்தில் மையைக் குறைக்கச் சொன்னார்கள். சிவகாசியில் காலண்டர், டைரி நெருக்கடி தொடங்கும் முன், செப்டம்பரிலேயே அச்சு முடிந்தது.

எல்லாம் சரியாக நடக்கவில்லை. இரண்டு பக்கங்களில் தமிழின் கறுப்பு எழுத்துக்கு ஓவர்பிரின்ட் (கீழுள்ள வண்ணத்தை வெட்டாமல் அதன் மேலேயே அச்சாகும் அமைப்பு) போடாமல் போனதால், படத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்துக்கே வெள்ளை ஓட்டை விழுந்து, அதன்மேல் தெலுங்கு எழுத்து நின்றது. அந்த அரை ஃபாரத்தை மீண்டும் அடிக்க வேண்டியதாயிற்று. செலவைப் பதிப்பகமும் அச்சகமும் பாதிப் பாதி ஏற்றன.

ஆறாம் ஆண்டு முடிவில்

முதல் நூல் தமிழில் 8400 பிரதி விற்றிருந்தது. 5000க்கு மேற்பட்ட 3400 பிரதிக்கு ராயல்டி ரூ.28,560. மூன்றாம் பதிப்பில் பாட்டியின் முகம் தெரிகிறது. பூஞ்சை பிடித்த நான்கு விரிப்புகளைத் திரும்ப வரைந்து, மற்றவற்றைப் புதிதாக ஸ்கேன் செய்து, கையெழுத்துகளைப் பிரித்த பிறகு மலையாளப் பதிப்பும் வந்தது. அந்த மறுவேலைக்கு ஒன்பது வாரம் ஆனது. அதற்குத் தனி ஊதியம் இல்லை.

இரண்டாவது நூலின் மூன்று மொழிப் பதிப்புகளும் மறுபதிப்புக்குப் போயின. ஒவ்வொரு முறையும் ஓவியரின் திருத்தப் பட்டியல் கேட்டுப் பெறப்பட்டது. மூன்றாவதாக ஒரு சிறுகதையை, யாரும் மொழிபெயர்த்து அச்சிட்டு விற்கவும் அனுமதிக்கும் சிசி-பை (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமத்தில், ஒருமுறை ஊதியத்துக்கு வெளியிட்டார். அந்த உரிமத்தைப் பின்னர் திரும்பப் பெற முடியாது என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. அதற்கென்றே, தனிப் பாத்திரமோ தொடரோ ஆக வாய்ப்பில்லாத கதையைத் தேர்ந்தார்.

புத்தக வருமானம் மட்டும் குடும்பத்துக்குப் போதவில்லை. பள்ளிப் பட்டறைகளும், குறைத்துக்கொண்ட பாடநூல் வேலையும் இன்னும் பாதிக்கு மேல் சுமக்கின்றன.

மறுபடி செய்தால்

டம்மி அனுப்பும்போதே அளவு, பக்கம், தாள் மூன்றையும் அச்சகத்திடம் கேட்டு எழுத்தில் வாங்குவது. அதற்கு முன் வண்ணம் தொடாமலிருப்பது.

ஒப்பந்தத்தில் காலம், நாடு, மொழி, பிரதி எண்ணிக்கை என்ற நான்கு கட்டங்கள் காலியாக இருந்தால் கையெழுத்திடாமலிருப்பது. காலியாக விட்டது இம்முறை ஓவியருக்குச் சாதகமாக முடிந்தது தற்செயல். ஓராண்டுக்குள் பதிப்பகம் தெலுங்கில் ஐந்நூறு பிரதி அடித்திருந்தால் மொழிபெயர்ப்பு உரிமையில் அந்தப் பிடி தளர்ந்திருக்கும். படங்களின் முதல் உரிமை வரைந்தவருக்கே என்ற ஒரு வரியும் அதில் சேர வேண்டும்.

புத்தகக் காட்சித் தேதிக்காக அச்சுப் புரூஃபைக் கைவிடாமலிருப்பது. இதைப் பதிப்பகம் இன்னும் முழுதாக ஏற்கவில்லை. ஜனவரி விற்பனையை இழக்க அவர்களால் முடியாது என்பதும் உண்மை. இப்போதைக்குக் கண்டிருக்கும் வழி, ஆகஸ்ட் 15க்குள் ஓவியங்கள் வராத நூலை அந்த ஜனவரிப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்பது.

பாடநூல்களுக்கு வரைந்த ஆறு ஆண்டுப் படங்களைப் பற்றிச் செய்ய ஒன்றுமில்லை. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் கடிதமே கிடையாது. பில் நகல்கூட மூன்று ஆண்டுக்கு மட்டுமே இருக்கிறது.